கர்ப்பிணிக்கு ஃப்ளூ ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனி, ஆடியில் மேற்கே சாரல் இறங்கும்போது ஒரு சுற்று, ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது இன்னொரு சுற்று. திருநெல்வேலிச் சீமையில் இருமலும் காய்ச்சலும் வீடு வீடாக ஏறி இறங்குவது இந்த மாதங்களில்தான். அப்போது பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் ஃப்ளூ ஊசி பற்றிப் பேச்செடுத்தால், கூட வந்த அம்மாவோ மாமியாரோதான் முதலில் கேட்பார்கள்: "பிள்ளைக்கு ஏதும் ஆயிராதே?" அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் "பிறகு பார்க்கலாம்" என்று எழுந்துவிடுவார்கள். பிறகு பார்ப்பதே இல்லை.

பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் நான். அடிக்கடி காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இந்த ஊசி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா?

ஆகும். கர்ப்பிணிகளுக்குக் கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸின் துணுக்குகள். அதற்கு உயிர் இல்லை, பெருகாது, நோயை உண்டாக்காது. அமெரிக்காவில் 1960-களிலிருந்தே கர்ப்பிணிகளுக்கு இதைப் பரிந்துரைத்து வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2012-இல், ஃப்ளூ தடுப்பூசித் திட்டம் வைத்திருக்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று சொன்னது. நம் நாட்டிலும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபோக்சியும் பரிந்துரைக்கிறது.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஒன்று உண்டு. அதில் வலுக் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அது கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. "ஃப்ளூ மருந்து கர்ப்பத்தில் கூடாதாம்" என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தால், பெரும்பாலும் இதைக் குறித்த பேச்சாகத்தான் இருக்கும்.

வெறும் சளிக் காய்ச்சலுக்கு எதற்கு ஊசி? சுக்குக் காபி குடித்தால் போகாதா?

மூக்கு ஒழுகி, இரண்டு நாள் தும்மிவிட்டுப் போவது வேறு. ஃப்ளூ என்பது காலையில் நன்றாக இருந்தவளைச் சாயங்காலத்துக்குள் படுக்கையில் தள்ளும் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலிக்கும், வறட்டு இருமல் வரும், எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான்.

கர்ப்பிணிக்கு அது சுலபமாகத் தீராததற்குக் காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. வளரும் கருப்பை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. இதயம் ஏற்கெனவே இரண்டு பேருக்காக உழைக்கிறது. நோய் எதிர்ப்பு முறையும் கர்ப்பத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் நுரையீரலுக்குள் ஃப்ளூ இறங்கினால் நிமோனியா ஆவதற்கு அதிக நேரம் பிடிக்காது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1 பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். 1918-இல் உலகை உலுக்கிய ஃப்ளூவிலும் கர்ப்பிணிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2009-இல் வந்த அந்த வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இப்போது ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று.

சுக்குக் காபி குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். நிலவேம்புக் கசாயத்தை மட்டும் கர்ப்பிணிகள் தாமாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எதையும் தொடங்குங்கள்.

காய்ச்சல் வந்தால் எனக்குத்தானே? பிள்ளை உள்ளே பத்திரமாகத்தானே இருக்கிறது?

ஃப்ளூ வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையைத் தொடுவது அபூர்வம். ஆனால் தாயின் காய்ச்சல் சூடும், மூச்சுத் திணறலும், ஆக்சிஜன் குறைவதும் பிள்ளையை எட்டாமல் இருக்காது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் கடும் காய்ச்சல் அடித்தால் பிள்ளையின் மூளை, தண்டுவடம் உருவாவதில் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது. பிந்திய மாதங்களில் குறைமாதப் பிரசவம் ஆகலாம்.

நார்வேயில் 2009-10 தொற்றுக் காலத்தில் 1,17,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளிடம் பிள்ளை வயிற்றிலேயே இறப்பது கூடவில்லை. ஃப்ளூ வந்த கர்ப்பிணிகளிடமோ அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. ஊசியைப் பார்த்துப் பயப்படுகிற வீடுகளில் இந்தக் காய்ச்சலைப் பார்த்து யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

எங்கள் ஆச்சி, "நாங்கள்லாம் ஊசி போட்டுக்கிட்டா பிள்ளை பெத்தோம்?" என்கிறாள். என்ன பதில் சொல்ல?

ஆச்சியிடம் எதிர்வாதம் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை பெத்தீங்க ஆச்சி?" என்று கேளுங்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு ஆச்சி இதையேதான் சொன்னார். நான் கேட்டபோது விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "ஏழு பெத்தேன் தாயி, அஞ்சு தங்கிச்சு" என்றார். ஒன்று பிறந்த எட்டாம் நாள் பால் குடிக்காமல், உடம்பு விறைத்துப் போனதாம். அவர் சொன்ன அடையாளங்கள் பச்சிளம் பிள்ளைக்கு வரும் ரணஜன்னியின் (டெட்டனஸ்) அடையாளங்கள்.

அந்த ரணஜன்னி இன்று நம் ஊரில் ஏன் கண்ணில் படுவதில்லை? பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், கர்ப்பிணிகளுக்குப் போட்ட டிடி ஊசியும்தான் காரணம். 2015-இல் இந்தியாவில் தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. இப்போது நர்சம்மா போடும் டிடி ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. கர்ப்பத்தில் தாய்க்கு ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அந்த ஊசிக்கு யாரும் தயங்குவதில்லை. ஃப்ளூ ஊசியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே ஒரு கருவை இழந்தவள் இதைக் கேட்கும்போது அவள் குரலே வேறாக இருக்கும். அதனால் மறைக்காமல் முழுதாகச் சொல்கிறேன்.

2017-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. முந்தைய ஆண்டும் எச்1என்1 சேர்ந்த ஊசி போட்டு, அடுத்த ஆண்டு கர்ப்பத்திலும் போட்டுக்கொண்டவர்களிடம், ஊசி போட்ட 28 நாளுக்குள் கருச்சிதைவு கூடுதலாகத் தெரிவதாக அது சொன்னது. ஊசிதான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. எண்ணிக்கை சிறியது, இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுகளுக்கு இது ஒரு விதை. அதே குழு அடுத்த மூன்று ஃப்ளூ பருவங்களை எடுத்து, இன்னும் அதிகப் பெண்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்து, 2019-இல் முடிவைச் சொன்னது. தொடர்பு எதுவும் தெரியவில்லை. முந்தைய ஆண்டு ஊசி போட்டவர்களிடமும் தெரியவில்லை. இரண்டாவது செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் என்று உறுதியான பெண்களில், எந்த ஊசியும் போடாவிட்டாலும், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கரு தங்குவதில்லை. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், கருவின் மரபணுக் குறையால் அது நடக்கிறது. ஊசி போட்ட வாரத்திலும் நடக்கலாம், போடாத வாரத்திலும் நடக்கலாம். அப்படி நடந்துவிட்டால் அந்தப் பெண்ணையோ அவள் போட்ட ஊசியையோ பழி சொல்லாதீர்கள். கைநீட்டி ஊசி போட்டுக்கொண்டதற்காக ஒருத்தி ஆயுசுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வீட்டார் தள்ளிவிடக் கூடாது.

ஊனம், ஆட்டிசம் என்றெல்லாம் குரல் பதிவு வருகிறதே?

டென்மார்க்கில் 2009-10-இல் பிறந்த சுமார் 53,000 பிள்ளைகளைப் பார்த்தார்கள். அதில் ஏறக்குறைய 7,000 பேரின் தாய்மார் கர்ப்பத்தில் எச்1என்1 ஊசி போட்டவர்கள். பிறவிக் குறைகளோ, குறைமாதப் பிரசவமோ, எடைக் குறைவோ கூடவில்லை. ஸ்வீடனில் அதே காலத்தில் தாய்க்கு ஊசி போட்டுப் பிறந்த சுமார் 40,000 பிள்ளைகளை, ஊசி போடாத தாய்மாரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. அந்த முடிவு 2020-இல் வெளியானது.

குரல் பதிவு போடுகிறவர் பெயர் சொல்ல மாட்டார், ஊர் சொல்ல மாட்டார். அவரை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மருந்தில் பாதரசம் இருக்கிறதாமே?

பல பேருக்குப் போடும் பெரிய குப்பியில் கிருமி சேராமல் இருக்கத் தயோமெர்சல் என்ற பொருள் துளி அளவு சேர்ப்பதுண்டு. அதிலிருந்து வருவது எத்தில் பாதரசம். உடம்பில் தங்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும். பெரிய கடல் மீன்களைப் பற்றிச் சொல்லும் மெத்தில் பாதரசம் வேறு. ஊசியில் உள்ள தயோமெர்சலால் கர்ப்பிணிக்குக் கேடு வந்ததாக ஆதாரம் இல்லை. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், ஒருவருக்கு மட்டும் என்று ஊசியிலேயே அடைத்து வருவதைக் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்; வழக்கமாக அதில் தயோமெர்சல் சேர்ப்பதில்லை.

எத்தனாவது மாதத்தில் போட வேண்டும்? ஒருவர் இப்போதே என்கிறார், ஒருவர் ஏழாம் மாதம் என்கிறார்.

இரண்டு பேரும் தவறாகச் சொல்லவில்லை. மத்திய அமைச்சகத்தின் வழிகாட்டுதல், மாதக் கணக்குப் பார்க்காமல் எப்போதும் போடலாம் என்கிறது. ஃபோக்சியின் பரிந்துரையை ஒட்டி நடக்கும் டாக்டர்கள் 26 வாரம் கழியட்டும் என்பார்கள். தொற்று கடுமையாகப் பரவும் காலத்தில் அவர்களும் முன்பே போடுவார்கள். பிந்திப் போட்டால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் எதிர்ப்புச் சக்தி கூடுதல். முந்திப் போட்டால் தாய்க்கு அதிக நாள் காவல். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால், பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டுவிட வேண்டும்.

என் எண்ணத்தைக் கேட்டால், மழைக்காலம் தலைக்கு மேல் வந்து, தெருவில் ஆளாளுக்கு இருமிக்கொண்டிருந்தால் மாதம் எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண் புறப்பட்டுவிடுவாள். தென்காசியில் பார்த்துக்கொண்டிருந்தவள் நாங்குநேரிக்கோ திருச்செந்தூருக்கோ போய்ச் சேர்வாள். ஊசி போட வேண்டிய சரியான வாரங்களில்தான் டாக்டரும் மாறுகிறார். அங்கே போட்டிருப்பார்கள் என்று இவர்கள் நினைக்க, இங்கே போடுவார்கள் என்று அவர்கள் நினைக்க, ஊசி நடுவழியில் நின்றுவிடும். இப்படி விட்டுப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே ஊசிக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். போட்டதும் தாய் சேய் நல அட்டையில் தேதியோடு எழுதி வாங்குங்கள். அட்டையில் அதற்கென்று கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எனக்குப் போடும் ஊசி பிள்ளைக்கு எப்படி உதவும்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைப் படித்தாலும் இதைப் படியுங்கள்.

ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. போட்டாலும் அந்த வயதில் சரியாகப் பிடிக்காது. ஆனால் ஃப்ளூவால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும் பிள்ளைகளில் அந்த வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். இந்த ஆறு மாத இடைவெளியை நிரப்பத் தாய் ஒருத்தியால்தான் முடியும். ஊசி போட்டதும் தாயின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. அவை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகின்றன. கடைசி மூன்று மாதத்தில் வேகமாகப் போகின்றன. பிறந்த பிறகு தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும்.

இது நிஜமாகவே பலிக்கிறதா என்று முதலில் சோதித்துக் காட்டியது வங்காளதேசம். டாக்காவில் 340 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஃப்ளூ ஊசியும் மற்றதற்கு நிமோனியா ஊசியும் போட்டார்கள். 2008-இல் முடிவு வெளியானது. ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவு. காய்ச்சலோடு வரும் மூச்சுக் கோளாறுகளும் குறைந்தன. பிறகு தென்னாப்பிரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தபோது பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பாதி குறைந்தது. மாலியில் மூன்றில் ஒரு பங்கு, நேபாளத்தில் 30 சதவீதம். நேபாளத்தில் பிள்ளைகளின் பிறப்பு எடையும் சராசரியாக 42 கிராம் கூடியிருந்தது.

முழுக் காவல் என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட தாய்க்கும் பிள்ளைக்கும் ஃப்ளூ வரலாம். அந்த ஆண்டு பரவும் வைரஸும் ஊசியில் உள்ள வைரஸும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு பலன் மாறும். வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பு குறையும். இரண்டு மாதப் பிள்ளைக்கு மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாது. இரண்டு வாய் உறிஞ்சும், விடும், அழும், மறுபடியும் உறிஞ்சும். விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து மூச்சு வாங்கும். அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்த்தவர்கள், மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும் என்பார்கள்.

நாங்கள் சைவம். மருந்தை முட்டையில் வளர்க்கிறார்களாமே?

ஆமாம், பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸைக் கோழி முட்டைக்குள்தான் வளர்க்கிறார்கள். பிறகு அதைப் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். கடைசியில் முட்டைப் புரதம் நுண்ணிய அளவில்தான் மிஞ்சும். வெளிநாடுகளில் முட்டை இல்லாமல் செய்த ஊசிகளும் உண்டு. இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை முட்டை வழி வந்தவைதான். சைவத்தை உயிராகக் காக்கும் குடும்பத்தாரிடம் இதை மறைத்து ஊசி போடுவது சரியில்லை. தெரிந்து முடிவெடுங்கள். மருந்துக்கு விலக்கு உண்டு என்று சொல்லிப் போட்டுக்கொண்ட சைவக் குடும்பத்துப் பெண்கள் பலர் உண்டு.

பன்றிக் காய்ச்சல் என்ற பேரைக் கேட்டு, மருந்திலும் பன்றிப் பொருள் இருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். கையில் போடும் ஊசிகளில் பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் சேர்மானங்கள் எழுதியிருக்கும், வாங்கிப் பார்க்கலாம்.

முட்டை சாப்பிட்டால் தோல் தடிக்கும் என்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

எங்கே போடுகிறார்கள்? எவ்வளவு ஆகும்?

டிடி ஊசி போல ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் வழக்கமாகப் போடும் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பீடி சுற்றியும் வயல் வேலை பார்த்தும் நாளை ஓட்டும் பெண்களுக்குத்தான் இது முதலில் கிடைக்க வேண்டும். இருந்தாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அங்கேயும், இருப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தனியாரில் ஒரு ஊசி ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் என்ற அளவில் இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து கூடும், குறையும்.

மெடிக்கலில் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவதாக இருந்தால் ஒன்று கவனம். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வீண். ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்துபோனாலும் வீண். ஐஸ் பையில், நடுவில் ஒரு துணி வைத்துத் தரச் சொல்லி நேரே கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியிலேயே இருப்பு வைத்துப் போடுவது இதைவிட நல்லது. பெட்டியில் காலாவதித் தேதியோடு, எந்தப் பருவத்துக்கான மருந்து என்று ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதையும் பாருங்கள். சில பெட்டிகளில் நான்கு வகை வைரஸுக்கு என்றும் சிலவற்றில் மூன்று வகை என்றும் இருக்கும். நான்காவது வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் பரவுவதாகத் தெரியவில்லை. அதனால் மூன்று வகை இருந்தாலே போதும்.

போட்ட பிறகு காய்ச்சல் வருமா?

கை வலிக்கும். சிலருக்கு ஊசி போட்ட இடம் சிவக்கும், உடம்பு லேசாக வலிக்கும், இளங்காய்ச்சல் அடிக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமால் போடலாம். வேறு வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். போட்டதும் அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருங்கள். கடுமையான ஒவ்வாமை என்பது அபூர்வம், வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், அங்கேயே மருந்தும் இருக்கும். கைகால் தளர்ந்துபோகும் குல்லன் பாரே என்ற நோய் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் சொல்லப்படுகிறது. ஃப்ளூ காய்ச்சலே அந்த நோயை இதைவிட அதிகமாக வரவழைக்கும்.

டிடி ஊசியும் இதுவும் ஒரே நாளில் போடலாம், கைக்கு ஒன்றாக.

யார் போடக் கூடாது?

முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத் திணறல், முகவீக்கம் என்று கடும் ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. முன்பு ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் குல்லன் பாரே வந்தவர்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். இப்போது காய்ச்சல் கடுமையாக அடிக்கிறதென்றால் தணிந்த பிறகு போடலாம். மூக்கு மட்டும் ஒழுகுகிறதென்றால் தள்ளிப்போட வேண்டியதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்கள் "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஒதுங்குகிறார்கள். ஃப்ளூ வந்தால் அதிகம் கஷ்டப்படப் போவது அவர்கள்தான். அவர்கள் தவறாமல் போட வேண்டும்.

மூத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போட்டேன். மறுபடியும் வேண்டுமா?

வேண்டும். வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கேற்ப உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி ஊசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. போட்ட ஊசியின் வலுவும் மாதக் கணக்கில் குறையும். இந்தப் பிள்ளைக்குப் போகப்போவது இந்தக் கர்ப்பத்தில் போட்ட ஊசியின் பலன்தான். அதோடு, பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவரப் போவதும் பெரும்பாலும் அந்த மூத்த பிள்ளைதான்.

வீட்டில் பீடி சுற்றுகிறேன். எனக்கு இது தனியாக ஏதும் செய்யுமா?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமிருந்து வரும் பெண்கள் இதைக் கேட்பதுண்டு. ஊசிக்கும் பீடி வேலைக்கும் சண்டை இல்லை, தாராளமாகப் போடலாம். புகையிலைத் தூளை நாள் முழுக்க மூச்சில் இழுப்பதுதான் கவலை. இருமலும் இழுப்பும் ஏற்கெனவே இருக்கும் நெஞ்சில் ஃப்ளூ சேர்ந்தால் தாங்காது. முடிந்தவரை கர்ப்ப காலத்தில் அந்த வேலையைக் குறைத்து, காற்றோட்டமான திண்ணைக்கு மாறி, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். இழுப்பு இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஊசி போடவில்லை, இப்போது காய்ச்சல் வந்துவிட்டது. என்ன செய்ய?

வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து அலைகிறது. எது என்று சோதிக்காமல் தெரியாது. ஃப்ளூ என்று சந்தேகித்தால் ஒசெல்டாமிவிர் மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதனால்தான் "மூன்று நாள் பார்ப்போம்" என்பது இங்கே ஆகாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால், உதடு நீலம் பாரித்தால், பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரவில் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

பிரசவமே ஆகிவிட்டது. இனிப் போட்டுப் பயன் உண்டா?

உண்டு. பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போடலாம். நஞ்சுக்கொடி வழியே கிடைத்திருக்கும் காவல் இனிக் கிடைக்காது. ஆனால் தாய்க்குக் காய்ச்சல் வராமலிருந்தால் பிள்ளைக்குத் தொற்றும் பெரிய வழி ஒன்று அடைபடும், பாலிலும் கொஞ்சம் போகும். கூடவே இருக்கும் அப்பா, ஆச்சி, தாத்தா ஆகியோரும் போட்டுக்கொள்ளலாம். அறுபதைத் தாண்டிய ஆச்சி, தாத்தாவுக்கு அது அவர்களுக்காகவே தேவை.

பிள்ளை பார்க்க வருகிறவர்களை "வராதீங்க" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் நா எழாது. ஆனால் இருமலோடு வருகிறவர்களிடம், "பிள்ளை தூங்குது மதினி, இருமல் நின்ன பிறகு வந்து மடியில வச்சுக் கொஞ்சுங்க" என்று சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியவர் பிரசவித்த பெண் அல்ல. அவளுடைய அம்மாவோ புருஷனோ வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.